எட்டுப் பேருக்கு ஒரு பிக்கப்

என் கணவரின் தங்கை நெருப்புக் காய்ச்சலில் செத்துப்போனபோது அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். அடுத்தவன் ஒன்பது வயதுப் பையன். கடைசிச் சின்னவன் இன்னும் ஒழுங்காகக் கதைக்கத் தொடங்கவில்லை. தகப்பன் தெற்கே ஒரு கந்தோரில் லிகிதராக, எழுத்து வேலையில் இருந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை, உடுப்புப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவரிடம் சொன்னார்: "ஒரு ஆறு மாதத்துக்குப் பிள்ளையள் உங்களோடை நிக்கட்டும் மச்சான். நான் அங்கை ஒரு வீடு பாத்துப்போட்டு வந்து கூட்டிக்கொண்டு போறன்."

இவர் "ஓம்" என்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் நான் வேறென்ன சொல்லியிருக்கப் போகிறேன்?

எங்களுக்கும் மூன்று பிள்ளைகள். இரண்டு பெடியன்கள், ஒரு சின்னப் பெட்டை. சண்டிலிப்பாயில் எங்கள் வீடு. இவருக்குத் தோட்டம், வெங்காயம், மிளகாய், கொஞ்சம் புகையிலை. எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புகளுக்குப் படிப்பிக்கும் வேலை. காலையில் ஆறு பிள்ளைகளுக்கும் தலைவாரி, பாணோ பிட்டோ கொடுத்து, சின்னவனை இவரோடு தோட்டத்துக்கும் மற்றவர்களைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டு, நானும் பள்ளிக்கூடம் போய், அங்கே நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, பின்னேரம் தோட்டத்தில் வெங்காயத் தாள் அறுப்பேன். அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது களைப்புத்தான். கரும்பலகைக்கு முன்னால் நின்றபடியே கண் சொருகிவிடும். முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துச் சிரிக்கும் சத்தத்தில் விழித்துக்கொள்வேன்.

எட்டுப் பேரும் ஒன்றாக வெளியே போவதென்றால் அது ஒரு படையெடுப்பு. இவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். வெங்காயத்தைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டுபோக, அயலில் யாருடைய லொறியிலாவது இடம் கேட்க வேண்டும். குடும்பமாகப் போக பஸ்தான். அந்த வருடம் நல்லூர்த் தேருக்குப் போய்த் திரும்பும்போது ஒன்று நடந்தது. சனத்துக்குள் நெரிபட்டு பஸ்ஸில் ஏறும்போது, தங்கையின் மூத்தவளான மருமகளும் அவள் இடுப்பில் இருந்த சின்னவனும் உள்ளே போய்விட்டார்கள். பின்னால் வந்த சனம் எங்களைத் தள்ளி ஒதுக்கிவிட்டது. பஸ் புறப்பட்டுவிட்டது. நாங்கள் ஆறு பேரும் றோட்டில். இவர் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார். வேட்டி தடுக்கி விழப் பார்த்தார். திரும்பி வந்து என் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவருடைய முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை றோட்டோரமாக நடந்து வந்தாள். அடுத்த தரிப்பில் இறங்கி, தம்பியைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். அழவில்லை. "கொண்டக்டரிட்டைச் சொன்னனான் மாமா, அவர் மணி அடிச்சவர்" என்றாள், அவர் மேல் யாரும் குறை சொல்லிவிடக்கூடாது என்பது போல. சின்னவனை வாங்கக் கை நீட்டினேன். "வேண்டாம் மாமி, உங்களுக்குக் களைப்பு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து காலைக் கழுவிக்கொண்டே இவர் சொன்னார்: "ஒரு பிக்கப் பாக்கப் போறன். தோட்டத்துக்கும் உதவும், பிள்ளையளுக்கும் உதவும்."

"கார் எண்டால் பிள்ளையளுக்கு வசதி" என்றேன்.

"காருக்குள்ளை வெங்காயச் சாக்கு ஏத்தேலாது. சாக்கு ஏத்தாட்டில் கார் எங்களுக்கு எதுக்கு? நீர் சொல்லும்."

வாதாட உடம்பில் பலமில்லை.

அது வெளிநாட்டு வாகனங்கள் நாட்டுக்குள் வராத காலம். மிளகாயும் வெங்காயமும் நல்ல விலைக்குப் போனதால் எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் பலருக்கும் வாகனம் வாங்க ஆசை வந்திருந்தது. ஆனால் விற்பனைக்கு இருந்தவை எல்லாம் வெள்ளைக்காரன் காலத்து வண்டிகள். எங்கள் பிள்ளைகளை விட வயது கூடியவை. ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் யாரிடமாவது விசாரித்துக்கொண்டு வருவார். பார்க்கப் போகும்போது பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "ஏத்திப் பாத்தால்தான் இடம் காணுமோ காணாதோ எண்டு தெரியும்" என்பார். துணைக்கு மானிப்பாயில் கராஜ் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஒருவரும் வருவார். எங்களுக்கு அண்ணை முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் எந்த வண்டியைப் பார்த்தாலும் பொனற்றைத் திறந்து, உள்ளே குனிந்து, எதையாவது தட்டித் தட்டிப் பார்ப்பார். பிறகு ஒரு தீர்ப்புச் சொல்வார். அந்தத் தீர்ப்புகள் ஒன்றும் எங்களுக்கு உதவியதாக ஞாபகமில்லை.

முதல் வண்டி நல்லூரில், கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. சொந்தக்காரர் உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய மனிதர். வண்டிக்கென்று தனியாக ஒரு கொட்டகை. மேலே வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவர் துணியை மடித்து எடுத்த விதத்திலேயே எனக்கு இது சரிவராது என்று தெரிந்துவிட்டது. பச்சை நிறம், முகம் பார்க்கலாம் போல மினுக்கம். கராஜ் அண்ணை உள்ளே குனிந்து எழும்பி, "தங்கம்" என்றார்.

"ஏறுங்கோ பாப்பம்" என்றார் இவர் பிள்ளைகளைப் பார்த்து.

என்னுடைய மூன்று பேரும் முன்கதவை நோக்கி ஓடினார்கள். யார் யன்னல் பக்கம் என்று அங்கேயே சண்டை. மருமகளும் தம்பிமாரும் ஓடவில்லை. யாரும் சொல்லாமலே பின்பக்கம் போய், அவள் முதலில் பெரியவனை ஏற்றி, சின்னவனைத் தூக்கி அவன் கையில் கொடுத்து, பிறகு தான் ஏறி, ஒரு மூலையில் மூன்று பேரும் நெருங்கி இருந்தார்கள். இடம் நிறையக் கிடந்தும் அவர்கள் எடுத்தது ஒரு சாக்கு வைக்கும் இடந்தான்.

சொந்தக்காரர் முன்னாலும் பின்னாலும் பார்த்தார். "இவ்வளவு பேரும் உங்கடை பிள்ளையளோ?"

"ஓம், எல்லாம் எங்கடைதான்" என்றார் இவர்.

"உந்தப் பின்னுக்கு இருக்கிறதுகள்?"

"எல்லாம் எங்கடைதான் எண்டு சொல்லுறன்."

அவர் தலையை ஆட்டினார். "குறை நினைக்காதேங்கோ தம்பி. நான் உதிலை ஒரு நாளும் ரெண்டு பேருக்கு மேலை ஏத்தினதில்லை. எட்டுப் பேரும் வெங்காயமும் எண்டால் மனம் கேக்குதில்லை. வேறை இடம் பாருங்கோ." பிறகு, பிள்ளைகள் இறங்கும் வரைக்கும் காத்திராமலே, மடித்த துணியை விரிக்கத் தொடங்கினார்.

திரும்பி பஸ்ஸுக்கு நடக்கும்போது இவர் விறுவிறென்று முன்னால் போனார். நான் மருமகளைப் பார்த்தேன். அவள் தம்பியின் சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமைகளில் பார்த்தவற்றில் ஒன்றுக்குப் பின்பெட்டித் தட்டு உக்கி, ஏறி நின்ற என் மூத்தவனின் கால் உள்ளே போய்விட்டது. இன்னொன்று வீட்டு வாசலில் இருந்து நகரவே இல்லை. நாங்கள் எல்லாரும் இறங்கித் தள்ளினோம், விற்கிறவரும் சேர்ந்து தள்ளினார். எனக்கு அந்தத் தேடுதலில் இருந்த அக்கறை போய்விட்டது. சனிக்கிழமை என்றால் தோய்க்க வேண்டிய உடுப்பு மலை போலக் கிடக்கும். எது எங்கே என்றாலும் வாங்கித் தொலைத்தால் போதும் என்றிருந்தது.

கடைசியாகப் பார்த்தது காங்கேசன்துறையில். கடற்கரையோரம் ஒரு வீடு. அவர்கள் கடற்றொழில் குடும்பம்; கரையில் மீனை ஏற்றி உள்ளூர்ச் சந்தைகளுக்குக் கொண்டுபோக அந்தப் பிக்கப்பை வைத்திருந்தார்கள். இப்போது அண்ணன் தம்பிமார் சேர்ந்து வள்ளத்துக்கு எஞ்சின் பூட்டியதில், வண்டி ஓட்ட வீட்டில் ஆளில்லாமல் போய்விட்டது. வண்டி வேலியோரம் நின்றது. ஒரு பக்கம் உப்புக் காற்றில் நிறம் உரிந்து, மறுபக்கம் பக்கத்துத் தொழிற்சாலையின் சீமெந்துத் தூசி படிந்து, முதலில் என்ன நிறம் என்றே சொல்ல முடியாது. கிட்டப் போனதும் மீன் மணம் அடித்தது. நாங்கள் மீன் மச்சம் சாப்பிடாத வீடு. என் சின்ன மகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கராஜ் அண்ணை இந்த முறை பொனற்றைத் திறக்கவே இல்லை. "உந்த வண்டியை வாங்கினால் ஊர் சிரிக்கும்" என்று இவருடைய காதுக்குள் சொன்னார்.

வீட்டுக்கார மனிசி வெளியே வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "முதலே சொல்லிப்போடுறன் தங்கச்சி, மணம் போகாது. எலுமிச்சங்காய் போட்டும் தேய்ச்சுப் பாத்தனாங்கள். மழை பெய்தால் கூடும்" என்றாள்.

இவர் வழக்கம் போல, "ஏறுங்கோ பாப்பம்" என்றார்.

அது நீளமான வண்டி. முன்னால் கதவுக்குக் கதவு நீண்ட ஒரே இருக்கை, வாங்கு போல. கியர்த் தடி நிலத்தில் இல்லை, ஸ்டியரிங்குக்குக் கீழே பக்கவாட்டில் இருந்தது. அதனால் நடுவில் இருப்பவருடைய முழங்கால் எங்கும் இடிக்காது. பின்பெட்டியில் இரண்டு பக்கமும் பலகை வாங்குகள் அடித்திருந்தார்கள். என்னை நிறுத்தியது அதெல்லாம் இல்லை. முன்பக்கத்துக்கும் பின்பெட்டிக்கும் நடுவே இருந்த தகரத்தை ஒரு பெரிய யன்னல் அளவுக்கு வெட்டி எடுத்திருந்தார்கள். கை வெட்டாதபடி, ஓரத்தில் ரப்பர்க் குழாயைப் பிளந்து பொருத்தியிருந்தது. முன்சீற்றில் இருந்து திரும்பினால் பின்னால் இருக்கிற பிள்ளையின் முகம் தெரியும்.

"இது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"மனிசன் ஓட்டேக்கை நான் பின்னுக்குப் பிள்ளையளோடை இருக்கிறனான். ஒரு நாள் மீன்கூடை சரிஞ்சு இளையவளின்ரை காலிலை விழுந்துட்டுது. நிப்பாட்டுங்கோ நிப்பாட்டுங்கோ எண்டு கத்துறன், மனிசனுக்குக் கேளாது. தன்ரை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்குது. வீட்டை வந்து சேர்ந்த உடனை சொன்னன், ஒண்டில் உந்தத் தகரத்தை வெட்டு, இல்லாட்டில் நான் ஏறமாட்டன் எண்டு." அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். என்னுடைய மூன்று பேரும் முன்னால். மற்ற மூன்று பேரும் பின்னால், வழக்கமான மூலையில். "பிள்ளை, நீயும் முன்னுக்குப் போவன். இடம் கிடக்கு" என்றாள் மருமகளிடம்.

"இல்லை, நாங்கள் பின்னுக்குத்தான். எங்களுக்குப் பழக்கம்" என்றாள் அவள்.

என்ன பழக்கம்? விற்பனைக்கு நின்ற நாலைந்து வண்டிகளில் ஏறி இறங்கியதுதான். வண்டியின் மிதிபலகையில் அப்படியே இருந்துவிட்டேன். அந்த மனிசி ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டு வந்தாள். மீன்காரர் வீட்டுத் தேத்தண்ணியை நான் குடிப்பேனோ என்று ஒரு கணம் தயங்கியது போல நின்றாள். நான் வாங்கிக் குடித்தேன்.

"இஞ்சேருங்கோ, இதை வாங்குங்கோ" என்றேன்.

இவர் அண்ணையைப் பார்த்தார். அண்ணை கடலைப் பார்த்தார்.

"மணக்குது" என்றார் இவர்.

"மணக்கட்டும்."

அப்படித்தான் அந்த வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இவர் குழாய்களை வளைத்து நிறுத்தி மேலே மழைக்குப் படங்குத் துணி போட்டார். நானும் மருமகளும் புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தோம். மணம் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை. இவருடைய பெரியம்மா ஒருவர் கோயிலுக்கு வர ஏறி, அரைவழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, வேறு யாரோடோ போனார். பள்ளிக்கூடத்தில் என் பெடியன்களை மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணினார்கள். வெங்காயச் சாக்குகள் ஏறத் தொடங்கிய பிறகு இரண்டு மணமும் கலந்து வேறொரு மணம் வந்தது. அதற்கு நாங்கள் பழகிவிட்டோம்.

ஆனால் இருக்கைகள் மாறவில்லை. நான் என் மகன்மாரைப் பின்னுக்கு அனுப்பி, அவர்களை முன்னுக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். பையன் ஒன்றிரண்டு தரம் வந்தான். அவள் வரவில்லை. சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு பின்மூலையிலேயே இருந்தாள். வீட்டிலும் அப்படித்தான். இரவில் அவன் சிணுங்கினால் நான் பாயை விட்டு எழும்புவதற்கு முன்னால் அவள் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்பாள். "நீர் போய்ப் படும் பிள்ளை, நான் பாக்கிறன்" என்றால், "இல்லை மாமி, உங்களுக்கு விடியப் பள்ளிக்கூடம்" என்பாள். அவளுக்கும் விடியப் பள்ளிக்கூடந்தான்.

தங்கை செத்து ஒரு வருடமாகி, ஆட்டைத் திவசம் மார்கழியில் வந்தது. தகப்பனுக்குச் சொல்லியனுப்பினோம், லீவு கிடைக்கவில்லை என்று சேதி வந்தது. கீரிமலையில் திவசக் கடமை செய்ய ஐயருக்குச் சொல்லிவிட்டு, காலையில் எட்டுப் பேரும் புறப்பட்டோம். கொஞ்சத் தூரம் போனதும் மழை பிடித்துக்கொண்டது. படங்கு ஒரு பக்கம் ஒழுகியது. சின்னவன் அழத் தொடங்கினான். என்ன செய்தும் அவன் அடங்கவில்லை. நான் திரும்பி தகரத்தில் வெட்டிய திறப்புக்குள்ளால் இரண்டு கையையும் நீட்டினேன்.

"தாரும் அவனை."

அவள் யோசித்தாள். ஒழுகிற தண்ணி அவன் தலையில் விழுந்துகொண்டிருந்தது. தூக்கித் தந்தாள். அவன் என் மடியில் கொஞ்ச நேரம் உதைத்துவிட்டு, சேலைத் தலைப்பைப் பிடித்தபடி தூங்கிப்போனான்.

பிறகு திரும்பிப் பார்த்தால் அவளும் நித்திரை. வாய் திறந்தபடி, தலை படங்குக் குழாயில் சாய்ந்து, ஈரச் சட்டையோடு. அவளை வெறுங்கையாகப் பார்த்தது அன்றுதான். பகலில் அவள் கண் மூடியும் நான் கண்டதில்லை. அந்த முகம் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகம். ஒரு வருடமாக அது என் கண்ணில் படாமல் போயிருந்தது. அவள் தாயின் முகமும் அதில் இருந்தது.

கீரிமலையில் வண்டியை நிறுத்தியபோதும் அவள் எழும்பவில்லை. ஐயர் குடையோடு மடத்து வாசலில் நின்றார்.

"எழுப்பட்டோ?" என்றேன்.

"எழுப்பாதையும்" என்றார் இவர்.

"ஐயர் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

"நிக்கட்டும். என்ரை தங்கச்சி கோவிக்க மாட்டாள்."

பிள்ளைகளுக்கும் விளங்கியது போல. விழித்திருந்தவர்கள் ஒருவரும் சத்தம் போடவில்லை. மழை படங்கில் விழுந்துகொண்டிருந்தது. இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு இருந்தார். அழுதாரோ, களைத்துப்போய் இருந்தாரோ தெரியாது. நான் அவர் முதுகில் கை வைத்தேன். நானும் கொஞ்சம் கண்ணயர்ந்திருக்க வேண்டும். அவள் திடுக்கிட்டு எழும்பி, "தம்பி எங்கை?" என்று கேட்ட சத்தத்தில்தான் விழித்தேன்.

"இஞ்சை இருக்கிறான்" என்று தூக்கிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். கை நீட்டவில்லை. தலைமயிரை ஒதுக்கிக் கட்டிக்கொண்டு, பெரிய தம்பியை இறக்கிக் கூட்டிக்கொண்டு ஐயரிடம் போனாள். திரும்பி வரும்போதும் அவள் பின்னால்தான் இருந்தாள். சின்னவன் என்னோடு முன்னால் வந்தான். அதன் பிறகு அவன் இரவில் சிணுங்கினால், சில நாட்கள் நான் எழும்பினேன். சில நாட்கள் அவள் எழும்பினாள்.

தகப்பன் வந்தது அதற்கும் நெடுநாள் கழித்து, ஒரு பள்ளி விடுமுறையில். மறு கலியாணம் செய்திருந்தார். அந்த மனிசியையும் கூட்டிவந்திருந்தார். நல்ல மனிசி, அதிகம் கதைக்கவில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோக வந்ததாகச் சொன்னார். மருமகள் தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, அங்கை வீட்டிலை எத்தினை அறை?"

"ரெண்டு."

"அப்ப இடம் காணாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அளந்து பார்த்துச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவர் என் கணவரைப் பார்த்தார். இவர், "பிள்ளை சொல்லுறது சரி. இஞ்சை நிக்கட்டும்" என்றார். அந்த மனிதரின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததை நான் கண்டேன். அதற்காக அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை. யாராலும் முடியாத ஒன்று அவராலும் முடியவில்லை என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றுவதில்லை.

அந்த வண்டி பல வருடம் ஓடியது. எத்தனையோ தரம் எஞ்சின் கழற்றிப் பூட்டினார்கள். கராஜ் அண்ணைக்கு அதனால் நிறைய வேலை கிடைத்தது. மருமகள் ஆசிரியை ஆனாள். கல்யாணம் முடிந்து புருஷனோடு வவுனியாப் பக்கம் போனாள். அவளுடைய பெரிய தம்பி கொழும்பில் படித்தான். என் மூத்தவன் கப்பல் வேலைக்குப் போனான். புதிய ஜப்பான் வாகனங்கள் நாட்டுக்குள் வரத் தொடங்கின. இவர் தோட்டத்துக்கென்று சின்னதாக ஒன்று எடுத்தார், முன்னால் இரண்டு பேருக்கு மட்டும் இடமுள்ளது. அந்த நேரம் நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து போக வேண்டிய இடம் ஒன்றும் இருக்கவில்லை.

பழையதை வாங்க வாழைக்குலை வியாபாரி ஒருவர் வந்தார். நல்ல வெயில் என்று முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். விலை பேசி முடிகிற நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. சின்னவனும் நானும் ஓடி ஓடி மிளகாயை அள்ளி உள்ளே கொட்டினோம். முழுவதும் அள்ளி முடித்து, கை எரிவைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது வண்டியைக் கொண்டுபோய்விட்டார்கள்.